ஆடுகளுக்குத் தெரிந்த மலை

பண்ணைக்கார அம்மா புல்வெளியின் கீழ்க்கோடியைக் கையால் காட்டி, "அந்த ஓடையோரம் மட்டும் கூடாரம் அடிக்காதீர்கள், மற்ற இடமெல்லாம் உங்கள் விருப்பம்" என்றார். அறுபது வயதை ஒட்டி இருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் தீவன வாளி. ஓர் இரவுக்கு எனக்குப் பத்து பவுண்ட், மகளுக்கு ஐந்து. கொட்டில் வாசலில் கல்லில் பதித்து வைத்திருந்த இரும்புப் பெட்டியின் பிளவுக்குள் காசைப் போட்டுவிட வேண்டும். ரசீது இல்லை, பதிவேடு இல்லை, பேர்கூடக் கேட்கவில்லை. வாளியோடு திரும்பி நடந்தவர் பாதியில் நின்று மேற்கே மலைமுகட்டில் படுத்திருந்த மேகத்தைப் பார்த்தார். "இன்றைக்கு ராத்திரி வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், கம்பிரியா மாவட்டத்தில், லேக் டிஸ்ட்ரிக்ட் எனப்படும் ஏரிகளும் மலைகளும் சேர்ந்த நாட்டில், பாரோடேல் என்ற பள்ளத்தாக்கு. மான்செஸ்டரிலிருந்து பென்ரித் வரை ரயில், அங்கிருந்து கெஸிக் ஊருக்குப் பஸ், கெஸிக்கில் இறங்கி 78-ஆம் எண் பஸ். அந்தக் கடைசிப் பஸ் டெர்வென்ட்வாட்டர் ஏரியின் கரையோடு ஒட்டிப் போகும். கிரேஞ்ச் என்ற சிற்றூரைத் தாண்டியதும் இரண்டு பக்க மலைகளும் நெருங்கி வந்து ஆற்றுக்கும் சாலைக்கும் மட்டும் வழிவிடுகின்றன. அந்த இடுக்கைப் பாரோடேலின் தாடை என்பார்கள். தாடைக்குள் நுழைந்த பிறகு கைப்பேசியில் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, நாங்கள் இறங்கியபோது ஒன்றும் இல்லை.

பள்ளத்தாக்கின் மேல்கோடிப் பண்ணை அது. வீடு, கொட்டில், சுவர் எல்லாம் ஒரே சாம்பல் கல். வீட்டுக்குப் பின்னால் மூன்று ஏக்கர் போலப் புல்வெளி. கோடைக்காலத்தில் அதில் ஒரு பகுதியைக் கூடாரக்காரர்களுக்கு விட்டிருக்கிறார்கள். எண் போட்ட மனைகள் கிடையாது, மின்சார இணைப்பு கிடையாது. பழைய மாட்டுக் கொட்டிலில் இரண்டு கழிப்பறைகள், காசு போட்டால் ஆறு நிமிடம் சுடுதண்ணீர் தரும் ஒரு குளியலறை, பாத்திரம் கழுவ ஒரு கல்தொட்டி. பலகையில் சாக்பீஸால் நாலு வரி எழுதியிருந்தது: நாயைக் கயிற்றில் கட்டு. தரையில் தீ மூட்டாதே. பத்தரைக்கு மேல் சத்தம் வேண்டாம். கேட் திறந்திருந்தால் திறந்தபடி விடு, மூடியிருந்தால் மூடிவிட்டுப் போ. கடைசி வரியின் அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்கள்.

முந்தைய வருடம் ஏரிக்கரையில் ஒரு பெரிய விடுமுறைப் பூங்காவில் தங்கியிருந்தோம். அங்கே எல்லாம் இருந்தது. நடைக்குப் போய்விட்டு வந்து படுத்தால் மலை எங்கோ தள்ளிப் போய்விட்டது மாதிரி இருக்கும். மலையடிவாரத்துப் பண்ணையில் படுக்க வேண்டும் என்று அப்போதே எனக்குள் ஏறிவிட்டது. நான் ஆடு மேய்த்த குடும்பத்தில் பிறந்தவன். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஓடையிலிருந்து நன்றாகத் தள்ளி, சுவரோரம், சமதளமாகத் தெரிந்த ஓரிடத்தில் கூடாரம் அடித்தேன். சுவர் காற்றை மறைக்கும் என்பது என் கணக்கு. ஆணிகள் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கின. மண் அவ்வளவு இளக்கமாக இருந்தால் அதற்குக் காரணம் இருக்கும் என்று அப்போது யோசிக்கவில்லை.

பத்து மணிக்குத் தூறல். பன்னிரண்டு மணிக்குக் கூடாரத் துணியில் மழை விழுகிற சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை. பக்கத்தில் சீத்வெயிட் என்ற குக்கிராமம் இருக்கிறது. மனிதர் குடியிருக்கும் இடங்களில் இங்கிலாந்திலேயே அதிக மழை பெய்வது அங்கேதான் என்று பேர் பெற்ற ஊர். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,500 மில்லிமீட்டர். நம் சென்னைக்கு 1,400. மேற்கே கடலிலிருந்து வருகிற ஈரக்காற்றுக்கு முதல் தடுப்பு இந்த மலைகள். ஏறுகிற காற்று குளிர்ந்து, சுமையை இங்கேயே இறக்கிவிடுகிறது. பள்ளத்தாக்கின் தலைமாட்டில் இருக்கும் ஹானிஸ்டர் கணவாயில் 2015 டிசம்பரில் 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர் கொட்டியது, பிரிட்டனின் பதிவிலேயே அதிகம். இதெல்லாம் எனக்குப் படித்துத் தெரியும். என் முதுகுக்கு அடியில் தரைவிரிப்பு மிதக்கத் தொடங்கியபோதுதான் உடம்புக்குத் தெரிந்தது.

"அப்பா, என் காலு நனையுது."

விளக்கைப் போட்டுப் பார்த்தால், சுவர்க்காலில் இருந்த ஒரு சதுர ஓட்டை வழியாக மேல்வயல் தண்ணீர் முழுவதும் எங்கள் கூடாரத்துக்குக் கீழே வந்துகொண்டிருந்தது. ஆடு நுழைந்து போவதற்காகச் சுவர் கட்டும்போதே விடுகிற ஓட்டை அது. ஹாக் ஹோல் என்பார்கள். சாயங்காலம் மகள் அதற்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டு வந்திருந்தாள். அது தண்ணீருக்கும் வழி என்று எனக்குப் படவில்லை.

உறக்கப்பைகளைச் சுருட்டி மகளின் தலையில் என் மழைச்சட்டையைப் போட்டு வெளியே வந்தபோது, வயலின் மறுகோடியில் ஒரு வெளிச்சம் அசைந்தது. அந்த அம்மாதான். நாலு சக்கர மோட்டார் வண்டியில், எல்லாக் கூடாரத்தையும் பார்த்துக்கொண்டே வந்தார். எங்களைக் கண்டதும் ஒன்றும் கேட்கவில்லை. மகளைத் தூக்கி வண்டியின் பின்தட்டில் உட்கார வைத்தார். கொட்டில் கதவைத் திறந்து, "கம்பளி மூட்டைமேல் படுத்துக்கொள்ளுங்கள், காலையில் பார்ப்போம்" என்றார். ஏற்கெனவே இன்னொரு குடும்பம் அங்கே இருந்தது.

அந்த மூட்டைகளின் வாசனையை நான் என்னவென்று சொல்வேன். மழையில் நனைந்த செம்மறியின் கொழுப்பு வாசனை. நாற்பது வருடத்துக்கு முந்தைய வாசனை. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டே நிமிடத்தில் தூங்கிவிட்டாள். எனக்குத்தான் வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

என் தாத்தா கிடை ஆடு வைத்திருந்தவர். சிவகங்கைப் பக்கம். எங்கள் மானாவாரிப் பூமியில் புல் கருகியதும் நாலைந்து பேருடைய ஆடுகளை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் நடந்துவிடுவார்கள். அறுவடை முடிந்த வயலில் இரவு கிடை போட்டால், புழுக்கையும் மூத்திரமும் அடுத்த போகத்துக்கு உரம். அதற்கு வயல்காரர் நெல்லோ பணமோ கொடுப்பார். மறுநாள் அடுத்த வயல். மாதக்கணக்கில் இப்படியே போவார்கள். அந்த ஆடுகளுக்கென்று ஓர் இடம் கிடையாது. மந்தையை நடத்திப் போகிற கீதாரி எங்கே நிற்கிறாரோ அதுதான் அவற்றுக்கு ஊர். தாத்தா நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தால் இருட்டிலும் முந்நூறு தலை திரும்பும்.

காலையில் அந்த அம்மா பெரிய கெண்டியில் தேநீர் கொண்டுவந்தார். மழை விடவில்லை. அவருக்கும் வெளிவேலை செய்ய முடியாத நாள். மூட்டைகளைப் பற்றித்தான் முதலில் கேட்டேன். அது போன வருடத்துக் கம்பளி, இன்னும் விற்கவில்லை என்றார். இந்த மலைகளின் ஆட்டினம் ஹெர்ட்விக். அதன் கம்பளி முரடு, சாம்பல் நிறம், சாயம் ஏறாது. கம்பளத்துக்கும் வீட்டுச் சுவர்களில் குளிர் தடுக்கிற அடைப்புக்கும் கொஞ்சம் போகிறது. ஓர் ஆட்டின் கம்பளிக்குக் கிடைக்கிற விலை, அதைக் கத்தரிக்கிற ஆளின் கூலிக்கே காணாது. ஆனாலும் கத்தரித்தாக வேண்டும், இல்லையென்றால் கோடையில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும்.

"அப்புறம் எதற்கு இந்த ஆடு?" என்று என் மகள் கேட்டாள். பதினொரு வயதுக்கு அது சரியான கேள்வி.

அவர் கதவுப்பக்கம் வந்து மலையைக் காட்டினார். மழைக்குள் பாதிதான் தெரிந்தது. "வீட்டுக்குப் பக்கத்தில் பச்சையாக இருக்கிறதே, அது எங்கள் வயல். அதற்கு மேலே சுவர் போட்ட சரிவும் எங்களுடையது. அந்தக் கடைசிச் சுவர் தெரிகிறதா? அதற்கு மேலே சுவரே கிடையாது. உச்சி வரைக்கும், உச்சியைத் தாண்டி அடுத்த பள்ளத்தாக்கு வரைக்கும், ஒரு வேலிகூடக் கிடையாது. எங்கள் ஆடுகள் அங்கேதான் இருக்கின்றன. அதோ அந்த ஓடையிலிருந்து இந்தப் பாறை வரைக்கும். அதைத் தாண்டிப் போகமாட்டா."

"யார் பார்த்துக்கிறாங்க?"

"யாரும் இல்லை. அதுகளுக்கே தெரியும்."

இதற்கு அவர்கள் வைத்திருக்கிற சொல் ஹீஃப். மற்ற இடங்களில் ஹெஃப்ட் என்கிறார்கள். ஒரு மந்தை தனக்கென்று கொண்ட மலைப்பகுதி. குட்டி பிறந்த வசந்தத்தில் தாயோடு மேலே போகிறது. எங்கே தண்ணீர், எந்தப் பாறைக்குப் பின்னால் மேற்குக் காற்று அடிக்காது, எங்கே பனி முதலில் உருகும், எது நம் எல்லை எல்லாவற்றையும் தாயின் பின்னால் நடந்தே கற்றுக்கொள்கிறது. பெட்டைக்குட்டிகளை முதல் குளிர்காலத்துக்குச் சமவெளிப் பண்ணைகளுக்கு அனுப்பிவிடுவார்கள். ஐந்தாறு மாதம் கழித்துத் திரும்பி வந்து கேட்டைத் திறந்துவிட்டால், தாய் நின்ற அதே சரிவுக்குப் போய் நிற்குமாம். பிறகு அதன் குட்டிக்கு அது சொல்லிக்கொடுக்கும்.

எல்லைக்கோட்டில் பக்கத்துப் பண்ணை மந்தையோடு ஒன்றிரண்டு கலக்கத்தான் செய்யும். அதற்குக் காதில் வெட்டு அடையாளம், கம்பளியில் சாயக்குறி. எந்தப் பண்ணைக்கு எந்த வெட்டு, எந்த நிறம் என்று படம் போட்ட மேய்ப்பர் கையேடு 1817-இலேயே அச்சாகிவிட்டது. வழிதவறி வந்த ஆட்டைத் திருப்பிக் கொடுக்க இலையுதிர் காலத்தில் கூட்டம் வைத்துச் சந்தித்துக்கொள்வார்கள். காதுவெட்டு எங்கள் ஊரிலும் உண்டு, தாத்தாவுடையது இடக்காதில் ஒரு பிறைவெட்டு என்றேன். அந்த அம்மா உடனே ஒரு பழைய தீவனப்பையைக் கிழித்துக் கொடுத்து, வரைந்து காட்டச் சொன்னார். வரைந்தேன். அவர்கள் கையேட்டில் கிட்டத்தட்ட அதே வெட்டு இருந்தது, அதற்கு ஒரு பேரும் இருந்தது.

இந்தத் தொழிலில் பாதிக்கு நார்ஸ் மொழிச் சொற்கள்தான். மலையை ஃபெல் என்கிறார்கள், ஓடையை பெக் என்கிறார்கள். ஊர்ப் பெயர்களில் வரும் 'த்வெயிட்' என்பது காட்டை வெட்டித் திருத்திய நிலம். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் வந்து குடியேறிய ஸ்காண்டிநேவியர் விட்டுப் போனவை. ஆடு எண்ணுவதற்கு, அதைவிடப் பழையது என்று சொல்கிற கணக்கு ஒன்றும் இருக்கிறது: யான், டியான், டெதெரா, மெதெரா, பிம்ப். ஐந்துக்கு பிம்ப், பத்துக்கு டிக். வெல்ஷ் மொழியின் எண்களுக்கு உறவு. இப்போது யாரும் அப்படி எண்ணுவதில்லை; பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதோடு சரி. மகள் மதியத்துக்குள் இருபது வரை பாடமாக்கிவிட்டாள்.

நான் 2001-ஐப் பற்றிக் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாமோ என்று உடனே தோன்றியது. அந்த வருடம் பிரிட்டனில் கோமாரி நோய் பரவி, 60 லட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகளைக் கொன்று எரித்தார்கள், புதைத்தார்கள். மிக மோசமாக அடிபட்டது கம்பிரியாதான். மலைப்பாதைகளை எல்லாம் மூடினார்கள். "எங்கள் மந்தை தப்பியது. அடுத்த பண்ணை, அடுத்த பண்ணை என்று ஒவ்வொரு நாளும் செய்தி வரும். தினமும் விடிவதற்கு முன்னால் எழுந்து ஆடுகளின் வாய்களைப் பார்ப்பேன்" என்றார். கெட்டுப்போனதை ஈடுகட்ட அரசு பணம் கொடுத்தது. ஆனால் ஒரு மந்தை முழுவதும் போய்விட்டால் அந்த மலைப்பகுதியை அறிந்த தாய் ஒன்றுகூட மிஞ்சாது. வேறு ஆட்டை வாங்கி மேலே விட்டால் அது எங்கேயாவது நடந்துகொண்டே இருக்கும். திருப்பித் திருப்பி ஓட்டிவந்து, வருடக்கணக்காகக் காவல் காத்துத்தான் ஓர் எல்லையைப் பழக்க வேண்டும். சுவரில்லாத மலையில் அதற்கு எத்தனை ஆள் வேண்டும்?

ஹெர்ட்விக் இனத்தில் பெரும்பகுதி இந்த ஒரே வட்டாரத்தில்தான் இருக்கிறது. ஒரு நோய் போதும். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றில் ஏதோ செய்கிறது.

அதற்கும் முன்னால், 1986 ஏப்ரல் கடைசியில் செர்னோபில் அணு உலை வெடித்த சில நாட்களில், மே மாதத் தொடக்கத்தில், இதே மலைகளில் மழை பெய்தது. மழையோடு இறங்கிய கதிரியக்கச் சீசியம் கரிமண்ணில் தங்கி, புல்லில் ஏறி, ஆட்டில் ஏறியது. சில வாரங்களில் சரியாகிவிடும் என்றுதான் முதலில் சொன்னார்கள். கம்பிரியாவின் கடைசிச் சில பண்ணைகளில் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தது 2012-இல். 26 வருடம், கருவியால் அளந்து பார்த்த பிறகே ஆடு சந்தைக்குப் போனது.

இந்தப் பண்ணை அவர்களுக்குச் சொந்தமில்லை; நிலங்களையும் பழைய கட்டடங்களையும் பாதுகாக்கிற நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் குத்தகை. இந்த வட்டாரத்தில் அப்படிப் பல பண்ணைகள் உண்டு. குழந்தைகளுக்கு முயல் கதை எழுதிய பியாட்ரிக்ஸ் பாட்டர் பிற்காலத்தில் இங்கே ஹெர்ட்விக் வளர்த்தவர். 1943-இல் இறந்தபோது 4,000 ஏக்கருக்கு மேல் நிலத்தையும் பண்ணைகளையும் டிரஸ்டுக்கு விட்டுப் போனார், அந்த மலைப்பண்ணைகளில் ஹெர்ட்விக் தொடர்ந்து மேய வேண்டும் என்று எழுதி வைத்து. பல குத்தகைகளில் மந்தையும் பண்ணையோடு சேர்ந்தது. குத்தகைக்காரர் போகும்போது வந்த எண்ணிக்கையில் ஆட்டை விட்டுவிட்டுப் போக வேண்டும். வேறு ஏற்பாடு சாத்தியமில்லை என்பது இப்போது எனக்கு விளங்குகிறது. ஆட்டைப் பிரித்துக் கொண்டுபோனால் மலையின் பாதியைப் பிரித்துக் கொண்டுபோன மாதிரி.

கூடாரக்காசு எவ்வளவு உதவுகிறது என்று நான் கேட்காமலே சொன்னார். ஆடு, மானியம், கூடாரம். மூன்று கால் முக்காலி. ஒன்றை உருவினாலும் விழும். 2001-இல் ஆடு பிழைத்தும், பாதைகளை மூடியதால் கூடாரவயல் காலியாகக் கிடந்தது. அந்த இரும்புப் பெட்டியை நான் அதற்குப் பிறகு வேறு கண்ணோடு பார்த்தேன். இங்கிலாந்து மலைகளில் காட்டு முகாம் அடிக்கிறவர்களை நான் குறைசொல்லவில்லை. நில உரிமையாளரின் அனுமதியில்லாமல் செய்வதற்கு இங்கே சட்டத்தில் இடமில்லை, ஆனாலும் கடைசிச் சுவருக்கு மேலே ஓர் இரவு சுத்தமாகத் தங்கிப் போனால் கண்டுகொள்ளமாட்டார்கள். என்னைக் கேட்டால் அடிவாரத்துப் பண்ணையில் காசு கொடுத்துப் படுங்கள் என்றுதான் சொல்வேன். நாம் பார்க்க வருகிற அந்தச் சுவர்களை விழ விழ எடுத்துக் கட்டுகிற கை அங்கேதான் இருக்கிறது. அந்தச் சுவர்களில் சாந்து கிடையாது. கல்மேல் கல், நடுவே பொடிக்கல், இடையிடையே குறுக்காக ஒரு நீளக்கல். ஒவ்வொரு குளிர்காலத்திலும் எங்காவது சரியும்.

புதன் இரவு கொட்டிலிலேயே. வியாழன் விடியும்போது வானம் கழுவிவிட்டது மாதிரி இருந்தது. கூடாரத்தை வயலின் மேட்டில், வெயில் விழுகிற இடத்தில் மறுபடியும் அடித்துவிட்டு, கிரேட் கேபள் மலைக்குக் கிளம்பினோம். 899 மீட்டர். இங்கிலாந்தின் மிக உயரமான ஸ்காஃபெல் பைக் 978 மீட்டர், அதற்கும் இதே வழியில் போகலாம். மேற்குத்தொடர்ச்சி மலையைப் பார்த்தவர்களுக்கு எண் சின்னதாகத் தோன்றும். ஆனால் மரநிழல் கிடையாது, நடை தொடங்குகிற இடமே கடல்மட்டத்திலிருந்து 130 மீட்டருக்குள், வானிலை அரைமணிக்கு ஒருமுறை மாறும். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, ஏற்றத்தில் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி என்று நெய்ஸ்மித் என்பவர் 1892-இல் போட்ட கணக்கை இன்றும் நடையாளர்கள் வைத்திருக்கிறார்கள். அதன்படி மூன்றரை மணி. பதினொரு வயதோடு நாங்கள் ஏழு மணி எடுத்துக்கொண்டோம்.

சீத்வெயிட்டைத் தாண்டும்போது மேற்குச் சரிவில் பழைய சுரங்கக் கழிவுக் குவியல்கள் தெரியும். பதினாறாம் நூற்றாண்டில் கண்டெடுத்த கிராஃபைட். முதலில் அதை ஆட்டுக்குக் குறிபோடத்தான் பயன்படுத்தினார்கள் என்று சொல்வார்கள். பிறகு அதிலிருந்துதான் கெஸிக்கின் பென்சில் தொழில் வந்தது. ஸ்டாக்லி பாலம் என்ற பழைய பொதிக்குதிரைப் பாலத்தைக் கடந்து ஓடையோடு ஏறினால் ஸ்டைஹெட் குளம். அதற்கு மேல் கணவாயில் மலைமீட்பு அணியினர் வைத்திருக்கும் தூக்குப்படுக்கைப் பெட்டி. கடைசிச் சுவரைத் தாண்டியதிலிருந்து மகள் ஆடுகளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். குறி மாறுகிற இடத்தைப் பிடிக்க வேண்டும் அவளுக்கு. ஒரு நீரோட்டம் வரைக்கும் ஒரு நிறக்குறி, அதைத் தாண்டியதும் வேறு. நடுவில் கம்பி இல்லை, கல் இல்லை. தண்ணீர்கூட முழங்கால் அளவுதான்.

"இந்தப் பக்கம் புல்லு நல்லா இருக்கேப்பா. ஏன் அதுங்க வரல?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

உச்சியில் பாறையில் ஒரு வெண்கலப் பலகை. முதல் உலகப்போரில் இறந்த தங்கள் உறுப்பினர் இருபது பேரின் நினைவாக ஃபெல் அண்ட் ராக் மலையேற்றச் சங்கம் 1923-இல் இங்குள்ள சிகரங்களை விலைக்கு வாங்கி, என்றென்றைக்கும் எல்லோரும் நடக்கலாம் என்று நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுத்தது. பலகை 1924-இல் வைத்தது. ஒவ்வொரு நவம்பரிலும் நினைவு ஞாயிறன்று நூற்றுக்கணக்கானவர்கள் மூடுபனியிலும் மேலே ஏறி வந்து மௌனமாக நிற்கிறார்கள். சிலை வைக்காமல் மலையையே வைத்தார்களே என்று எனக்குத் தொண்டை அடைத்தது. தெற்கே குனிந்து பார்த்தால் வாஸ்டேலின் வயல்சுவர்கள் வலைபின்னியது போல, அதற்கப்பால் கறுத்த வாஸ்ட்வாட்டர் ஏரி. இறங்கும்போது கிரீன் கேபள் வழியாகச் சுற்றிவந்து சோர்மில்க் கில் அருவியோரமாக இறங்கினோம். அந்தக் கல்பாவிய இறக்கத்தில் முழங்காலுக்கு நல்ல வேலை.

சாயங்காலம் அந்த அம்மா கூடாரத்துக்கு வந்தார். கம்பளி காய்ந்திருக்கிறது, நாளைக்கு மந்தை இறக்குகிறோம், சந்தின் வாயில் நிற்க ஆள் வேண்டும், வருவீர்களா என்றார். மகள் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சரி என்றுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு நாலு பேரும் ஏழு நாய்களும் முகட்டுக்குப் போய்விட்டார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர்கள். அவர்கள் மந்தை இறக்கும் நாளில் இவர் போவார். மேலிருந்து அகலமாகப் பிரிந்து, மலையைத் துடைப்பத்தால் பெருக்குவது போலக் கீழே தள்ளிக்கொண்டு வருவது முறை. "கம் பை" என்றால் நாய் இடப்பக்கமாக வளைத்து வரும், "அவே" என்றால் வலப்பக்கமாக. தூரம் கூடியதும் சீழ்க்கை மட்டும். நாங்கள் இருவரும் வேலை சுலபமான இடத்தில், பண்ணைச் சந்து சாலையோடு சேரும் திறப்பில் நின்றோம். கையை அகல விரித்து நில், கத்தாதே, முன்னால் அடி வைக்காதே. அவ்வளவுதான் சொல்லியிருந்தார்.

ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு மலையில் சாம்பல் கோடுகள் அசைந்தன. ஒவ்வொரு மடிப்பிலிருந்தும் ஒரு கோடு வந்து கீழே ஒன்றாகச் சேர்ந்து, சந்துக்குள் நிறைந்து, எங்களை நோக்கி வந்தது. முந்நூறுக்கு மேல் இருக்கும். வெள்ளை முகமும் சாம்பல் உடம்புமாகத் தாய்கள், ஒட்டி ஒட்டி ஓடும் கறுத்த குட்டிகள். ஹெர்ட்விக் குட்டி பிறக்கும்போது கறுப்பு, வருடம் போகப் போக வெளுக்கும். முன்னால் வந்த கிழட்டு ஆடு என் மகளுக்கு ஐந்தடி முன்னால் நின்றது. பார்த்தது. மகள் கையை விரித்தபடியே நின்றாள், மூச்சுகூட விடவில்லை. அது திரும்பி முற்றத்துக்குள் நுழைந்தது, பின்னால் எல்லாம் நுழைந்தன.

அப்போது என்னை அறியாமல் நாக்கை மடித்துத் தாத்தாவின் சத்தத்தைக் கொடுத்துவிட்டேன். ஓர் ஆடும் திரும்பவில்லை. அதுகளுக்கு அது தெரியாத பாஷை. நாய்தான் காதை நிமிர்த்தியது.

அன்றைக்கு முழுவதும் கத்தரிப்பு. மின்சாரக் கத்தரிக்காரர் இரண்டு பேர், ஓர் ஆட்டுக்கு இரண்டு மூன்று நிமிடம். நான் கம்பளியைச் சுருட்டி மூட்டையில் போட்டேன். மகள் கத்தரித்த ஆடுகளை எண்ணினாள், இருபது இருபதாக, ஒவ்வொரு இருபதுக்கும் ஒரு கூழாங்கல் எடுத்து வைத்து. சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த அம்மா மேல்கேட்டைத் திறந்தார். ஓட்ட யாரும் போகவில்லை. ஆடுகள் தாமாகவே ஏறத் தொடங்கின. முதல் சரிவு வரைக்கும் ஒரே கூட்டம், அதற்கு மேல் இரண்டாக, அப்புறம் ஐந்தாறாக, காலையில் எந்தெந்த மடிப்பிலிருந்து இறங்கினவோ அந்தந்த மடிப்புக்கு. அவர் கேட்டை மூடித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து நின்று கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்த்தார்.

சத்தம் மட்டும் நிற்கவில்லை. கம்பளி போன தாய் குட்டிக்கு வேறு ஆடாகத் தெரிகிறது. ஒவ்வொரு குட்டியும் தன் தாயைத் தேடிக் கத்த, ஒவ்வொரு தாயும் பதில் கொடுக்க, பள்ளத்தாக்கே இரைந்தது. குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கும், ராத்திரிக்குள் சரியாகிவிடும் என்று சொல்லியிருந்தார்.

கூடாரத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம். பத்தரைக்குப் பாதியாகக் குறைந்தது. பதினொன்றரைக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாக. பிறகு ஒரே ஒரு குட்டி, மேலே எங்கோ பாறைக்குப் பக்கத்தில். விட்டு விட்டுக் கத்தியது. மகள் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்துகொண்டாள். படும்மா என்றேன். படுக்கவில்லை. ஓடைச் சத்தம், குட்டி, ஓடைச் சத்தம். அப்புறம் கனத்த குரலில் ஒரு தாய் இரண்டு தடவை.

கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள்.

"கிடைச்சிருச்சுப்பா" என்று சொல்லிவிட்டு, உறக்கப்பையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டாள்.